சிறப்புப் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள்: பள்ளியிடம் எதை, எப்படிக் கேட்பது?

பூவரசு

அனைவருக்கும் வணக்கம். என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, பேச்சுப் பயிற்சியும் மற்ற பயிற்சிகளும் தொடர்ந்து கொடுத்து வருகிறோம். கணக்கில் வகுப்போடு சேர்ந்து போகிறான், நன்றாக வாசிக்கிறான்; ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மற்ற பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

சென்ற வாரம் பள்ளியிலிருந்து அழைத்து, இவனுக்கு ஏற்ற இடம் இதுவல்ல, இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். எழுத்தில் எதையும் தரவில்லை. அதற்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக நாங்கள் கடிதம் கொடுக்க வேண்டுமாம். இது அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி. சிறப்புப் பள்ளியே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் இந்த முடிவை யார், எந்த அடிப்படையில் எடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெய்தல்

அந்தக் கடிதத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. நான் சிறப்பாசிரியராகப் பல பள்ளிகளில் பணியாற்றியவள். பள்ளி தானாக ஒரு குழந்தையை வெளியேற்றினால், ஏன் வெளியேற்றினோம் என்று அது பதில் சொல்லியாக வேண்டும். பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டதாகத் தாளில் இருந்தால் கேள்வி கேட்பதற்கே யாருக்கும் இடமில்லை. அதனால்தான் கடிதத்தை உங்கள் கையால் எழுதச் சொல்கிறார்கள்.

அடுத்த வேலை, வாய்மொழியாகச் சொன்னதை எழுத்துக்குக் கொண்டுவருவது. இன்றே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “இந்தத் தேதியில் நடந்த சந்திப்பில், எங்கள் மகன் அடுத்த கல்வியாண்டில் இங்கே தொடர இயலாது என்று தாங்கள் கூறியதாகப் புரிந்துகொண்டோம். எங்கள் புரிதலில் பிழை இருந்தால் திருத்தவும். இம்முடிவுக்கான காரணங்களையும், அவனுக்காக இதுவரை வகுப்பறையில் செய்யப்பட்ட ஏற்பாடுகளின் விவரத்தையும் எழுத்தில் தர வேண்டுகிறோம்.” இவ்வளவு போதும். கோபம், வருத்தம், முன்பு நடந்தவை எதுவும் அதில் வேண்டாம். பெரும்பாலான பள்ளிகள் இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறும், ஏனென்றால் அங்கே எழுதுவதற்கு எதுவும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. உளவியல் மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “சிறப்புக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது” என்ற ஒற்றை வரியோடு முடிந்திருந்தால், பள்ளி அதையே சிறப்புப் பள்ளிக்கான பரிந்துரையாக எடுத்துக்கொள்ளும். சிறப்புக் கல்வி என்பது ஒரு சேவை, அதைப் பொதுப் பள்ளியின் வகுப்பறைக்குள்ளேயே தர முடியும். ஆகவே மதிப்பீடு செய்தவரிடம் திரும்பப் போய், வகுப்பறையில் இந்தக் குழந்தைக்குத் தேவைப்படும் மாற்றங்கள் எவை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆட்டிசத்தை மதிப்பிட இந்தியாவில் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. (ISAA) அளவுகோலின் மதிப்பெண் ஆட்டிசத்தின் தீவிரத்தைச் சொல்லும். அவன் எந்த வகுப்பறையில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லாது.

ஆற்றுமணல்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆகின. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அப்படிச் சேர்க்கப்பட்டவை.

உங்களுக்கு வேண்டியது பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் அது பொருந்தும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது. “நாங்கள் தனியார், எங்களுக்கு இது கிடையாது” என்று சொன்னால் அது செல்லாது. பாகுபாடின்றிச் சேர்ப்பது, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்வது, தனிப்பட்ட ஆதரவு தருவது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது ஆகியவற்றை அந்தப் பிரிவு கடமைகளாக வைக்கிறது. கூடுதல் தேர்வு நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு போன்றவை பிரிவு 17-இல் வருகின்றன.

பலர் இங்கே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிவு 31, ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது குறைந்தது 40 சதவீதம் குறைபாடு என்று சான்றளிக்கப்பட்ட குழந்தைகளுக்கானது. பிரிவு 16-க்கு அந்த 40 சதவீத வரம்பு கிடையாது. சான்றிதழில் சதவீதம் குறைவாக இருக்கிறது, ஆகவே எங்களுக்குக் கடமை இல்லை என்று பள்ளி சொன்னால் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டுங்கள். பிரிவு 31-இலும் தேர்வு செய்யும் உரிமை குழந்தையின் பக்கமே இருக்கிறது, பள்ளியின் பக்கம் இல்லை.

இதோடு, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பிரிவு 16, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019-இல் செய்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி தராமல் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதைப் பற்றியது. வெளியேற்றக் கூடாது என்பது அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் முன்வைத்துப் பேசுங்கள்.

கரும்பலகை

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டப் பிரிவுகளை எண் சொல்லி அடுக்குவதற்கு முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், அம்மா. அந்த வகுப்பாசிரியைக்கு ஒரே அறையில் நாற்பத்தைந்து பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் மகன் மேசைக்கு அடியில் போகும் அந்த நிமிடத்தில் அவர் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நேரம் விட்டுவைப்பது, மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பயம்தான் பல பள்ளிகளை “வேறு இடம் பாருங்கள்” என்று சொல்ல வைக்கிறது. அந்தப் பயத்துக்கு விடை கொடுக்காமல் சட்டத்தைக் காட்டினால் பிள்ளை பள்ளியில் இருப்பான், ஆனால் கடைசி வரிசையில், யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பான்.

ஆகவே, முதலில் வகுப்பாசிரியையைத் தனியாகச் சந்தியுங்கள். எது அவருக்குக் கடினமாக இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு நிர்வாகத்திடம் ஒரு பருவத்துக்கு மட்டும் குறிப்பிட்ட ஏற்பாடுகளைச் செய்து பார்க்கக் கேளுங்கள். காலவரையறை வைத்த சோதனையை மறுப்பது எந்த நிர்வாகத்துக்கும் கடினம்.

ஆற்றுமணல்

ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் விகிதம். அதை மீறி நாற்பத்தைந்து பேரை ஓர் அறையில் வைத்துவிட்டு, நெரிசலைக் காரணம் காட்டி ஒரு குழந்தையை மட்டும் வெளியே அனுப்புவது எந்த வகையில் நியாயம்? சிறப்பாசிரியர் விஷயத்திலும் இதே கதைதான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள பத்து மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று கூறியது. உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் கடிதத்தில் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் சிறப்பாசிரியராகப் பணி செய்ய முடியாது.

கரும்பலகை

நெரிசல் நியாயம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. நாளைக் காலை அந்த அறைக்குள் போக வேண்டியவன் அந்தப் பையன், அதைத்தான் சொல்கிறேன்.

தூக்கணாங்குருவி

என் அனுபவம் வேறு மாதிரியானது, அதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் மகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளன, பேச்சு இல்லை. பொதுப் பள்ளியில் அவளைச் சேர்த்தோம். யாரும் துரத்தவில்லை, எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் பாடம் நடக்கும்போது அவள் கையில் ஒரு வண்ணப் பென்சிலைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது, பாடத்திட்டத்தில் அவள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2016-இல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரையில் விலக்கல், பிரித்து வைத்தல், இணைத்தல், உள்ளடக்கல் என்று நான்கு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். எதையும் மாற்றாமல் குழந்தையைப் பொது வகுப்பில் கொண்டுபோய் வைப்பது உள்ளடக்கல் ஆகாது என்பது அதன் சாரம். என் மகளுக்கு நடந்தது அதுதான்.

நாங்களே தேடிப் பார்த்து ஒரு சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது அவள் படப் பலகையில் விரல் வைத்து “தண்ணீர்”, “போதும்”, “வெளியே” என்று கேட்கிறாள். அதற்காக எல்லாக் குழந்தைகளுக்கும் சிறப்புப் பள்ளிதான் சரி என்று சொல்ல மாட்டேன். கணக்கில் வகுப்போடு போகும் உங்கள் மகனின் நிலை முற்றிலும் வேறு. ஆனால் ஒரு வேண்டுகோள். பள்ளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் சொல்லும் சிறப்புப் பள்ளியை ஒரு முழு நாள் போய்ப் பாருங்கள். கட்டடத்தையும் சுவரில் ஒட்டிய படங்களையும் விடுங்கள். ஒரு குழந்தை எதையாவது கேட்க முயலும்போது அங்குள்ள பெரியவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். இங்கிருந்து பொதுப் பள்ளிக்குத் திரும்பிய குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். திரும்பி வரும் வழியே இல்லாத இடம் என்றால், உங்கள் மகனைப் போன்றவனுக்கு அது மிகப் பெரிய முடிவு.

பூவரசு

எல்லோருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சல் அனுப்பினேன். எழுத்தில் காரணம் வரவில்லை. அதற்குப் பதிலாக, தொடர வேண்டுமென்றால் உங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சரை நியமித்துக்கொள்ளுங்கள், அவர் நாள் முழுவதும் அவன் அருகில் இருக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இதை ஏற்றுக்கொள்ளலாமா?

கரும்பலகை ஐயா சொன்னபடி வகுப்பாசிரியையைத் தனியே சந்தித்தேன். அவர் நினைத்ததைவிட மனம்விட்டுப் பேசினார். மகன் மேசைக்கு அடியில் போகும் நேரங்களைக் குறித்துத் தர முடியுமா என்று கேட்டு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது என்று மூன்றே பத்திகள். நோட்டு திரும்பி வந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பெரும்பாலானவை அணிவகுப்புப் பயிற்சிக்காக மைதானத்தில் டிரம் அடிக்கும் நேரத்தில் நடந்திருக்கின்றன. அவன் இருக்கையோ மைதானத்தைப் பார்த்த ஜன்னல் ஓரம். மீதமுள்ளவை, அறிவிப்பில்லாமல் ஒரு பாடவேளை மாற்றப்பட்ட நாட்களில் நடந்தவை.

நெய்தல்

அந்த நோட்டுப் புத்தகம் எந்த மதிப்பீட்டு அறிக்கையையும்விட வலுவான ஆவணம், பத்திரமாக வையுங்கள். அதில் இருப்பது ஆசிரியையின் கையெழுத்து என்பதால் பள்ளி அதை மறுக்க முடியாது. “இவனால் வகுப்பில் இருக்க முடியவில்லை” என்ற பொத்தாம்பொதுவான புகார் இப்போது, “டிரம் சத்தத்திலும் திடீர் மாற்றத்திலும் இவனுக்கு உதவி தேவைப்படுகிறது” என்று சுருங்கிவிட்டது. முதல் வாக்கியத்துக்கு விடை வேறு பள்ளி. இரண்டாவதற்கு விடை, ஜன்னலிலிருந்து தள்ளி ஓர் இருக்கை, காதில் மாட்டும் ஒலித்தடுப்பான், காலையில் மேசையில் ஒட்டும் படக் கால அட்டவணை, பாடவேளை மாறும் நாளில் முன்கூட்டியே சொல்லும் ஒரு வாக்கியம். பள்ளியோடு பேசும்போது உங்கள் பேச்சு முழுவதும் இந்தத் தளத்தில்தான் இருக்க வேண்டும். எந்தப் பள்ளி என்ற வாதத்துக்குள் அவர்கள் இழுக்கும்போதெல்லாம், எந்த உதவி, யார் தருவது, எப்போதிலிருந்து என்ற கேள்விக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். கேட்ட உதவிகளைச் செய்து பார்த்தும் பலன் இல்லை என்று பதிவுகள் காட்டினால், அப்போது இடமாற்றத்தைப் பேசலாம். அதற்கு முன் பேசுவது சரியான வரிசை ஆகாது.

ஷேடோ டீச்சரைப் பற்றி: எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நாள் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியை அந்தக் குழந்தையிடம் பேசுவதையே விட்டுவிடுகிறார், சக பிள்ளைகளும் நெருங்குவதில்லை. சில குழந்தைகளுக்கு அது தேவைதான். ஆனால் உங்கள் மகனுக்கு எந்த நேரத்தில் உதவி வேண்டும் என்பதை நோட்டு காட்டிவிட்டது. நாள் முழுவதும் என்ற நிபந்தனைக்கு அதில் ஆதாரம் இல்லை. தேவையான ஆதரவைத் தரும் கடமை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16-இல் பள்ளியின் மீது வைக்கப்பட்டிருக்கும்போது, முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

கடல்தாண்டி

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன், இங்கே என் மகனுக்காக இதே வேலையைச் செய்து வருகிறேன். யூடியூபில் பெற்றோருக்கான ஆலோசனைக் காணொளிகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை இங்குள்ள சட்டத்தைப் பற்றியவை என்பதை மறந்துவிட வேண்டாம். இங்கே பள்ளியும் பெற்றோரும் சேர்ந்த குழுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கூடிய மட்டும் பொதுச் சூழலிலேயே வைக்க வேண்டும் என்பதும், முறைப்படி தகராறு தொடங்கிவிட்டால் அது தீரும்வரை குழந்தை இருக்கும் இடத்திலேயே தொடரலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கின்றன. காணொளியில் கேட்ட சொற்களை அங்குள்ள பள்ளியில் பயன்படுத்தினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஆற்றுமணல்

முக்கியமான எச்சரிக்கை, நன்றி. தகராறு நடக்கும்போது குழந்தை தானாகவே அதே இடத்தில் தொடரும் என்ற அந்த வசதி நம்மிடம் இல்லாததால்தான் மாற்றுச் சான்றிதழ்க் கடிதத்தைப் பற்றி முதலிலேயே எச்சரித்தோம். ஒருமுறை பெயர் நீக்கப்பட்டுவிட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

பேச்சுவார்த்தை முறிந்தால் போக வேண்டிய வரிசை: மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவருடைய பரிந்துரையைப் பெற்ற அதிகார அமைப்பு, அது கிடைத்த மூன்று மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். ஆனால் அங்கே எடுபடுவது தேதியிட்ட கடிதங்கள் மட்டும்தான்.

பூவரசு

அடுத்த வாரம் முதல்வருடன் சந்திப்புக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கணவரும் வருகிறார், ஒருவர் பேசவும் ஒருவர் குறிப்பெடுக்கவும் பிரித்துக்கொண்டோம். கொடுக்கவிருக்கும் கடிதத்தின் நடுப்பகுதியைக் கீழே தருகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

“எங்கள் மகன் தொடர்ந்து இப்பள்ளியிலேயே படிக்க விரும்புகிறோம். வகுப்பாசிரியை பதிவு செய்த குறிப்புகளின் அடிப்படையில், இருக்கை மாற்றம், படக் கால அட்டவணை, சத்தம் மிகுந்த நேரத்தில் நூலக அறைக்குச் சென்றுவர அனுமதி, கரும்பலகையில் எழுதுவதன் அச்சு நகல் ஆகிய ஏற்பாடுகளைச் செய்து தரவும், அவனுக்கெனத் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றைத் தயாரிக்கவும் வேண்டுகிறோம். அவனது எழுத்துத் திறன் மேம்படத் தாங்கள் ஒத்துழைக்க வேண்டும்.”

நெய்தல்

நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். “எழுத்துத் திறன் மேம்பட” என்றால் மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் அளக்க முடியாது. அதற்குப் பதில், “அச்சு நகலைப் பார்த்து ஐந்து வாக்கியங்களை ஒரு பாடவேளைக்குள், பத்தில் எட்டு முறை, பிறர் உதவியின்றி எழுதுவான்” என்பதைப் போன்ற இலக்கை முன்மொழியுங்கள். எண்ணிக்கையை வகுப்பாசிரியையோடு பேசி முடிவு செய்யுங்கள், உங்கள் ஆசையில் வைக்காதீர்கள்.

நூலக அறைக்குச் சென்றுவருவது நல்ல யோசனை. ஆனால் யார் அழைத்துச் செல்வார், எவ்வளவு நேரத்தில் திரும்புவான் என்று எழுதாவிட்டால், ஒரு மாதத்தில் அவன் பாதி நாள் நூலகத்தில் இருப்பான். ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் எதிரில் பொறுப்பாளர், தொடங்கும் நாள் என இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டு அட்டவணையாகக் கொடுங்கள். சந்திப்பிலேயே முதல்வரை நிரப்பச் சொல்லுங்கள். மறு ஆய்வுக்கான தேதியையும் அங்கேயே குறித்து வாங்குங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துச் சென்று, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு திரும்புங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.